காதல் கவிதைக்குக் காப்புரிமை

கேள்வி: எழுத்தாளர்களின் காப்புரிமைக்காக உலக நாடுகள் எப்போது ஒப்பந்தம் செய்துகொண்டன? இன்று எழுத்தாளர்களுக்கு முழுப் பாதுகாப்பு இருக்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: காப்புரிமை இல்லை ஐயா, பதிப்புரிமை! இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதிவிட்டேன். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு, மாத்திரைக்கும் மோட்டாருக்கும் தருவது. எழுத்தாளருக்கு அது கிடைத்தால் என்ன ஆகும்? விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்தான். அதற்கும் முன்பு, உலகத்தில் வேறு யாரும் இதைச் செய்ததில்லை என்று காட்ட வேண்டும். காதலியின் முகத்தை நிலா என்று எழுதிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'தொழிலுக்குப் பயன்படுமா?' என்று வேறு கேட்பார்கள். ஒரு கவிதையும் தேறாது. ஒருவகையில் நாட்டுக்கு நல்லதுதான்.

பதிப்புரிமையோ, ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 வருஷம் நிற்கும். ஆனால் அந்தச் சொல்லும் எனக்கு ஆகாது. பதிப்பது பதிப்பாளர் வேலை. எழுதியவர் அதில் எங்கே இருக்கிறார்? பிரெஞ்சுக்காரர்கள் 'ஆசிரியர் உரிமை' என்றே சொல்கிறார்கள். இதற்காக 1878-ல் சங்கம் கூட்டிய நாவலாசிரியர் விக்தர் யூகோவும் அந்த ஊர்க்காரர்தான். 1886-ல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில், நீங்கள் கேட்ட ஒப்பந்தத்தில் 10 நாடுகள் கையெழுத்திட்டபோது அவர் உயிரோடு இல்லை, முந்தின வருஷமே காலமாகிவிட்டார்.

அமெரிக்கா வந்து சேர்ந்தது 1989-ல். 103 வருஷத் தாமதம்! 1842-ல் அங்கே போன ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ், 'என் புத்தகங்களை அச்சடித்து விற்கிறீர்கள், எனக்குப் பங்கு இல்லையா?' என்ற தோரணையில் பேசியதற்குப் பத்திரிகைகள் அவரைப் பேராசைக்காரர் என்று ஏசின. அதே அமெரிக்கா அப்புறம் உலகத்துக்கே பாடம் எடுத்தது தனிக் கதை.

முழுப் பாதுகாப்பா? 1928-ல் ரோமில் ஒரு நல்ல காரியம் நடந்தது. உரிமையை விற்றுவிட்டாலும் 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளவும், எழுத்தைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தடுக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று பேர்ன் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். 1994-ல் உலக வர்த்தக அமைப்புக்கான ஒப்பந்தம் எழுதியவர்கள் பேர்னின் முதல் 21 பிரிவுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், இந்த ஒன்றைத் தவிர. பணம் வரும் உரிமையெல்லாம் உள்ளே, பெயருக்கான உரிமை வெளியே. வியாபாரிகள் விவரமானவர்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் பெயர் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். பெயரில்லாமல் வெளியாகும் எழுத்துக்கு, அதை வெளியிட்டவரே ஆசிரியரின் பிரதிநிதி என்கிறது பேர்னின் 15-ஆம் பிரிவு. ஆக, உங்கள் கேள்விக்கு இப்போது பிரதிநிதி நாங்கள்தான். ஆனாலும் ரோமுக்கு மரியாதை கொடுத்து, அந்தக் 'காப்புரிமை'யைத் திருத்தாமலே போட்டிருக்கிறேன்.