லேசரில் தொடை வெந்துபோச்சு, 'நோ ரீஃபண்ட்' என்கிறார்கள்

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். தொடையில் தோலடிக் கொழுப்பால் தெரியும் செல்லுலைட் குழிகளை லேசரில் சரிசெய்யலாம், எட்டு சிட்டிங் போதும், ரிசல்ட் கேரண்டி என்று ஒரு கிளினிக்கில் வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள். 72,000 ரூபாய் பேக்கேஜ், பாதி ரொக்கம், மீதி இ.எம்.ஐ. மூன்றாவது சிட்டிங்கில் கொப்பளித்து, இப்போது உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. பணத்தைக் கேட்டால், பில்லில் 'நோ ரீஃபண்ட்' இருக்கிறது, ஃபார்மில் கையெழுத்து போட்டிருக்கிறீர்களே என்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: முதலில் ஒன்று. 'இன்னும் இரண்டு சிட்டிங் இலவசமாகத் தருகிறோம்' என்று கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள், அதில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். தயவுசெய்து கையெழுத்து போடாதீர்கள்.

'நோ ரீஃபண்ட்' என்று அச்சடித்துவிட்டால் கதவு மூடிவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள், அது தப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைதான். கையெழுத்தும் அப்படித்தான். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று போதுமான அளவு சொல்லி வாங்கினால்தான் அது ஒப்புதல் என்று 2008-லேயே சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், லேசர் ஒளியை அது இழுத்துக்கொண்டு சூடாவதால் சுடுவதும் கறுப்பதும் தெரிந்த ஆபத்துதான். இதை உங்களிடம் சொன்னார்களா? செல்லுலைட் நோயே இல்லை, வயதுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோருக்கும் இருக்கிறது, லேசர் அதை நிரந்தரமாகப் போக்கிவிடும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அப்படியிருக்க 'கேரண்டி' என்று எழுதிக்கொடுத்தது உங்களுக்குப் பெரிய பலம், அந்தச் சாட்டை அழித்துவிடாதீர்கள்.

இந்த வாரமே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போய்த் தோல் பிரிவில் காட்டி, ஓ.பி. சீட்டில் 'லேசருக்குப் பின் ஏற்பட்ட தீக்காயம்' என்று டாக்டர் பார்த்ததை எழுதித் தரச்சொல்லுங்கள். காயம் ஆற ஆற சாட்சியும் ஆறிப்போகும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அப்புறம் கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்தில் டாக்டர் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. மெஷினைப் பிடித்தது டாக்டரா, வேறு யாராவதா, என்ன அளவில் வைத்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

இ.எம்.ஐ.யைக் கோபத்தில் நிறுத்தாதீர்கள், சிபில் (கடன் வாங்கும் தகுதிக்கான மதிப்பெண்) அடிவாங்கும். கடன் கொடுத்த கம்பெனிக்கும் நடந்ததை எழுதிவிட்டு, புகாரில் அவர்களையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம்.

புகாரை நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு காத்திருக்காதீர்கள். 72,000 ரூபாயோடு கறுப்புக்கு ஆகும் சிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு எல்லாம் கேளுங்கள். போலீஸ் புகாரும் போடலாம், ஆனால் பணம் திரும்ப வர நுகர்வோர் ஆணையம்தான் நேர் வழி.

தொடைப் படத்தை யார் யாரோ பார்ப்பார்களே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். படங்களை முத்திரையிட்ட உறையில் ஏற்கும்படி மனுவோடு கேட்கலாம், ஓ.பி. சீட்டு தெளிவாக இருந்தால் படத்தின் தேவையும் குறையும். வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினால் பதில் பெரும்பாலும் வக்கீல் ஆபீசுக்குத்தான் வரும். வீட்டில் எப்போது சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.