வாயசைப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றில் மூன்று மாதமாகப் பாடுகிறேன். வயது 19. நாற்பது பேரில் என் குரல் யாருக்கும் கேட்பதில்லை. போன வாரம் ஒத்திகையில் வாயை மட்டும் அசைத்துப் பார்த்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சேர்ந்து பாடினால் மன அழுத்தம் குறையும், நட்பு வளரும் என்கிறார்களே, உண்மையா? பேசாமல் தனியாகப் பாடக் கற்றுக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

மன அழுத்தக் கணக்கெல்லாம் எனக்கு அலுப்பு, அதை விடு. நட்பு வளரும். பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளை ஏழு மாதம் கவனித்து, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். பாட்டு வகுப்பில்தான் ஆட்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். கடைசியில் மற்றவர்களும் அதே அளவு நெருங்கிவிட்டார்கள். எழுதுகிறவர்கள் மெதுவாகத்தான் பழகுவார்கள் என்பது எனக்கு ஆய்வில்லாமலே தெரியும்.

என்னை உறுத்தியது அந்த வாயசைப்பு. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறாய்? பக்கத்தில் நின்றவருக்குத் தெரிந்திருக்கும். வாய் திறக்காமல் உன் பங்கையும் சேர்த்துப் பாடியிருப்பார்.

சரி, வாய் திறந்துதான்.

பதினாறு வயதில் நானும் ஒரு குழுவில் ஆல்ட்டோ வரிசையில், அதாவது தாழ்ந்த குரல் பெண்களோடு, நின்றேன். ஒரு பாட்டின் முடிவில் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு எண்ணும்வரை இழுக்க வேண்டும். தம் பிடித்து, முகம் சிவக்க இழுத்து முடித்துப் பெருமையாக நிமிர்ந்தேன். "இவ்வளவு மூச்சை யார் கேட்டார்கள்? பக்கத்தில் இருப்பவள் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்காதே, அது போதும்" என்றார் ஆசிரியர்.

சாதாரண வரிகளில் எல்லோரும் சேர்ந்துதான் மூச்சு எடுக்கிறோம். அதனால் இதயத் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 18 வயதுப் பிள்ளைகளைப் பாடவைத்து 2013இல் காட்டினார்கள். நீண்ட சுரம் வந்தால் கதை வேறு. எல்லோரும் ஒன்றாக மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். ஆளுக்கொரு இடத்தில் ஓசையில்லாமல் எடுத்து, மெல்லத் திரும்ப நுழைய வேண்டும். அதற்குப் பக்கத்துக் குரலில் காது இருந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று.

அப்புறம் ஒரு மேடையில், என் இடப்பக்கத்துப் பெண் அதே பாட்டின் நடுவில் நின்றுவிட்டாள். அவள் அம்மா படுக்கையில் இருந்த நேரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் விழுந்தது காதில்தான் தெரிந்தது. கொஞ்சம் கூட்டிப் பாடினேன். பின்வரிசையும் கூட்டியது. நாலைந்து வரி கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. "யாருக்கும் தெரியவில்லை" என்று நீ குறைப்படுகிறாயே, அன்று அவளுக்கு மானம் காத்தது அதுதான்.

அவள் அழுகையில் நிறுத்தினாள். நீ வேடிக்கைக்கு நிறுத்தியிருக்கிறாய். கோபம் அதற்குத்தான்.

தனியாகவா என்றுதானே கேட்டிருந்தாய்? கற்றுக்கொள், யார் வேண்டாம் என்றது. ஆனால் அடுத்த ஒத்திகைக்கும் போ. இடப்பக்கம் நிற்பவர் எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறார் என்று கவனித்து எனக்கு எழுது.