அலுமினியத் துளைக்குள் நானோகம்பி: கேட்டவர்களுக்குப் பதில்

கும்பகோணத்தில் மாணவர்களிடம் நான் பேசியது ஒரே விஷயம்தான். அலுமினியத்தை அமிலத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால் அதன் மேல் ஆக்சைடு படலம் வளரும். இதற்கு ஆனோடைசிங் என்று பெயர். அந்தப் படலத்தில் தேன்கூடு மாதிரி நெருக்கமான துளைகள் இருக்கும். அவற்றை அச்சாக வைத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய உலோகக் கம்பியை, அதாவது நானோகம்பியை, வார்க்கலாம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சுவாமிமலையிலிருந்து, சிலை வார்க்கும் குடும்பத்துப் பெண்: "ஐயா, நீங்கள் சொல்வது எங்கள் மெழுகு வார்ப்பு மாதிரியே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?"

பாதி ஒன்றுதான் அம்மா. உங்கள் வீட்டில் முதலில் மெழுகில் உருவம் செய்வீர்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண்ணை உடைப்பீர்கள். இங்கே மெழுகு கிடையாது. அச்சு காலித் துளைகளோடு தானாகவே வளர்கிறது. உடைப்பதும் சுத்தியலால் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் ஆக்சைடு கரைந்துவிடும், செம்போ நிக்கலோ அப்படியே நிற்கும். ஒரு அச்சுக்கு ஒரு வார்ப்புதான் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

பெரிய வித்தியாசம் ஊற்றுவதில். உருகிய செம்பு இவ்வளவு சின்னத் துளைக்குள் தானாக இறங்காது. 271 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத்தை அழுத்தம் கொடுத்து உள்ளே தள்ளியவர்கள் உண்டு. மற்றபடி பெரும்பாலும் உலோக உப்புக் கரைசலில் வைத்து, மின்சாரத்தால் அடியிலிருந்து மேலே படிய வைப்பதுதான் வழக்கம். கிணற்றில் ஊற்று கீழிருந்து ஏறுவது மாதிரி.

மயிலாடுதுறை, எம்.எஸ்சி. மாணவி: "துளையின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் சார்? துளைபோட எந்தக் கருவியும் இல்லையே?"

வோல்ட்தான் கருவி. இந்தத் துறையில் எனக்குப் பிடித்ததே இதுதான். துளையின் அடியில் மெல்லிய தடுப்புப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். மின்புலம் அங்கேதான் குவிகிறது. உலோகத்தின் பக்கம் ஆக்சைடு வளர, அமிலத்தின் பக்கம் அது கரைய, இரண்டும் ஒரு சமநிலைக்கு வந்து அடி கீழே கீழே இறங்கும். அந்தப் படலத்தின் தடிமன் வோல்ட்டைப் பொறுத்தது. அதனால் துளைகளுக்கு இடையேயான தூரமும் வோல்ட்டைப் பொறுத்தது, ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 2.5 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). 0.3 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் கொடுத்தால் நடுவிலிருந்து நடுவுக்கு 100 நானோமீட்டர் வரும். கந்தக அமிலத்தில் 25 வோல்ட் என்றால் 63 அளவில். பாஸ்பாரிக் அமிலத்தில் 195 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 500.

அந்த 100 நானோமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,100 கோடிக்கு மேல் வரும். உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடம்தான் அது.

ஆனால் ஒழுங்கு சும்மா வராது. மேற்பரப்பில் துளைகள் முதலில் தாறுமாறாகத்தான் தொடங்கும். கீழே போகப் போக, பக்கத்துத் துளைகள் ஒன்றையொன்று நெருக்கி அறுகோணமாக அமையும். அதாவது நல்ல வரிசை இருப்பது அடியில், நமக்குத் தெரிவது மேலே. என்ன செய்வது? பல மணி நேரம் வளர்த்த முதல் படலத்தை 60 டிகிரியில் பாஸ்பாரிக்-குரோமிக் அமிலக் கலவையில் முழுவதும் கரைத்துவிட வேண்டும். அலுமினியத்தின் மேல் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக மிஞ்சும். திருந்திய நெல் சாகுபடியில் மார்க்கர் இழுத்துவிட்டு, விழுந்த கோடுகள் சந்திக்கும் இடத்தில் நாற்று வைக்கிறோமே, அதே கதைதான். இரண்டாம் முறை அதே வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு குழியிலும் ஒரு துளை நேராக இறங்கும்.

ஆக்சைடு அறுகோண அறைகளால் ஆனது என்று கெல்லர், ஹன்டர், ராபின்சன் மூவரும் 1953இலேயே எழுதிவிட்டார்கள். ஜப்பானில் மசுடாவும் ஃபுகுடாவும் ஒழுங்கான வரிசையைக் காட்டியது 1995இல். மசுடாவும் சடோவும் மேலே சொன்ன இரண்டு கட்ட முறையை வெளியிட்டது அடுத்த ஆண்டு. அலுமினியம் 99.999 சதவீதத் தூய்மை உள்ளதாக இருக்கட்டும். சமையலறை ஃபாயிலில் வரிசை வராது.

நாகப்பட்டினம், ஆய்வு மாணவர்: "படலத்தில் கறுப்புப் புள்ளிகளும் குழிகளும் வருகின்றன. இரண்டு மாதமாகப் போராடுகிறேன்."

தம்பி, முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடலோர போர் தண்ணீரில் குளோரைடு இருக்கும். அலுமினியத்தை அங்கங்கே குடைந்து எடுக்க அது கொஞ்சம் இருந்தாலே போதும். கரைசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு பீக்கரைக் குழாயில் கழுவுகிறீர்களா? கடைசி அலசலும் அயனி நீக்கிய நீரில்தான்.

அடுத்தது சூடு. ஆனோடைசிங்கில் வெப்பம் உண்டாகும். அது வெளியேறாவிட்டால் ஒரு இடத்தில் மின்னோட்டம் எகிறி, அந்த இடம் கருகும். நான் படித்த ஆய்வகத்தில் குளிர்விப்பான் கிடையாது. ஒரு சித்திரை மாதம், மதியம் 2 மணிக்கு ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது 40 ரூபாய் தகடு இருந்த இடத்தில் கரி இருந்தது. அதன் பிறகு மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் கல்லுப்பும் போட்டு, அதற்குள் பீக்கரை இறக்கி, விடியற்காலையில் வேலை செய்தேன். ஐஸில் போடும் உப்பும் குளோரைடுதான், ஒரு சொட்டுகூட உள்ளே தெறிக்கக் கூடாது. விடாமல் கலக்கிக்கொண்டே இருங்கள்.

தொடங்கும் முன் தகட்டைப் பளபளப்பாக்க பெர்குளோரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த கரைசலை எல்லோரும் சொல்வார்கள். சூடானால் வெடிக்கக் கூடியது. உங்கள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

அதே மாணவர்: "நடுவில் கரண்ட் போனால்?"

தகட்டை வெளியே எடுத்து அலசி வையுங்கள். அமிலத்தில் சும்மா கிடந்தால் துளைச் சுவர் மெலியும். யுபிஎஸ் ஒன்று வாங்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேளுங்கள், கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

திருவாரூர், ஆய்வாளர்: "0.02 மைக்ரான் என்று போட்ட ஆனோடிஸ்க் சவ்வு வாங்கி நிக்கல் கம்பி வளர்த்தேன். கம்பி 200 நானோமீட்டர் தடிமன் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?"

ஏமாற்றவில்லை. அது வடிகட்டுவதற்காகச் செய்த சவ்வு. 60 மைக்ரான் தடிமனில் பெரும்பகுதி 200 நானோமீட்டர் துளைதான். ஒரு பக்கத்து மெல்லிய மேலடுக்கில் மட்டுமே 20, அதாவது 0.02 மைக்ரான். வடிகட்ட அதுவே போதும், வார்ப்பவருக்குப் போதாது. மெல்லிய கம்பி வேண்டுமென்றால் அச்சை நீங்களே வளர்க்க வேண்டியதுதான்.

கம்பிகள் ஒரே உயரத்தில் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். துளைக்குள் காற்று அடைபட்டிருக்கும். கரைசலில் ஊறவைத்து வெற்றிடத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். பிறகு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுங்கள், அந்த இடைவெளியில் அயனிகள் அடிவரை போய்ச் சேரும். மின்னோட்டம் திடீரென்று ஏறத் தொடங்கினால் கம்பிகள் வாய்வரை வந்து மேலே வழிகின்றன என்று அர்த்தம். அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

அச்சைக் கரைத்ததும் கம்பிகள் கொத்துக் கொத்தாகச் சாய்வது எல்லோருக்கும் நடப்பது. உலரும் தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் காரணம். அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து ஒட்டிக்கொள்வது மாதிரி. முழுவதும் கரைக்காமல் அடியில் கொஞ்சம் ஆக்சைடை விட்டுவைத்தால் நிமிர்ந்து நிற்கும். உறைய வைத்து உலர்த்தினாலும் பலன் உண்டு.

தஞ்சாவூர், அலுமினிய ஜன்னல் செய்பவர்: "இதெல்லாம் ஆய்வகத்து வேலை. எங்களுக்கு என்ன?"

அண்ணே, வெண்கல நிறத்தில் ஆனோடைஸ் செய்த பட்டை வாங்கிப் பொருத்துகிறீர்களே, அதில் பெரும்பாலும் சாயமே இல்லை. ஆனோடைஸ் செய்த துளைகளின் அடியில் மாறுமின்னோட்டம் கொடுத்து வெள்ளீயத்தையோ நிக்கலையோ படிய வைத்திருப்பார்கள். ஒளி அந்த உலோகத் துணுக்குகளில் பட்டுச் சிதறி உட்கவரப்படுவதால்தான் அந்த நிறம். பிறகு துளை வாயை அடைத்துவிடுவார்கள். கொதிநீரில் வைத்தால் ஆக்சைடு நீரை ஏற்று உப்பித் தானாகவே மூடிக்கொள்ளும். வெயிலில் வெளுக்காததற்குக் காரணம், சாயத்துக்குப் பதில் துளையின் அடியில் உலோகம் இருப்பதுதான். பவுடர் கோட்டிங் பட்டை வேறு, அது மேலே ஒட்டிய பூச்சு. அடுத்த முறை ஆனோடைஸ் பட்டை ஒன்றை அறுக்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள், நிறம் விளிம்பில் தலைமுடியைவிட மெல்லிய கோடாகத்தான் இருக்கும்.