முள்ளைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட் போவதுதான் வழக்கம். போன வாரம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிலோ 80 என்றார் கடைக்கார அம்மா. நான் 60-க்குக் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. 70-க்கு முடிந்தது. கூட வந்த மகள், "ஏசி கடையில வாயத் தொறக்காம காசு குடுக்கிறீங்க, பாவப்பட்டவங்ககிட்டதான் உங்க வீரமெல்லாம்" என்று வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள். பாதி விலையில் ஆரம்பிக்க வேண்டும் என்பது மாமியார் கற்றுக்கொடுத்தது. பேரம் பேசுவது தப்பா? பேசலாம் என்றால் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

தப்பில்லை. மாமியாரின் பாதி விலைக் கணக்கு நடைபாதையில் விற்கும் பெல்ட்டுக்கும் கூலிங் கிளாசுக்கும் சரி, கத்தரிக்காய்க்குச் செல்லாது. காய்க்கு அன்றைய மண்டி விலை என்று ஒன்று உண்டு. டோல்கேட் உழவர் சந்தைப் பலகையில் அன்றன்றைக்கு விலை எழுதிப்போடுகிறார்கள். பார்த்துவிட்டுப் போனால் எவ்வளவு கேட்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்றால்தான் குற்றம், கீழே விற்கத் தடையில்லை. ஏசி கடையிலும் வாயைத் திறக்கலாம். மற்றபடி வாட்ஸப்பில் சுற்றும் கீரைக்காரப் பாட்டிக் கண்ணீர்க் கதைகளுக்குப் பதில் எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

என்னை உறுத்தியது வேறு. 80 எழுதினீர்கள், 60 எழுதினீர்கள், 70 எழுதினீர்கள். எடையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கைத்தராசா, மின்தராசா? தட்டு காலியாக இருந்தபோது பார்த்தீர்களா? வாய் பேசிக்கொண்டிருக்கையில் கண் எங்கே இருந்தது?

கணக்குப் போடுங்கள். 70 ரூபாய்க்கு 850 கிராம் வந்தால் கிலோ 82 ரூபாய் 35 காசு ஆகிறது. முதலில் சொன்ன 80-ஐவிட அதிகம் கொடுத்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு பஸ் ஏறுகிறோம். அந்த அம்மா அப்படிச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. செய்திருந்தால் கண்டுபிடிக்க உங்களிடம் என்ன இருந்தது என்று கேட்கிறேன். விலையில் விட்டதை எடையில் பிடிப்பது பழைய வித்தை. அடித்துப் பேசுகிறவரிடம்தான் அதைக் காட்டத் தோன்றும்.

கைத்தராசு என்றால் முதலில் வெறும் தட்டோடு தூக்கச் சொல்லுங்கள். நடுவிலிருக்கும் முள் நேராக நிற்க வேண்டும். தட்டின் அடியில் ஒட்டிய புளியோ காந்தமோ இதில் தெரிந்துவிடும். ஆனால் தண்டின் ஒரு பக்கம் குட்டையாக இருந்து, அதைச் சரிக்கட்ட அந்தப் பக்கத் தட்டைக் கனமாக்கியிருந்தால் வெறும் தராசில் முள் யோக்கியமாகத்தான் நிற்கும். அதற்கு மருந்து, காயையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைப்பது. மாற்றியதும் முள் சாய்ந்தால் தராசு பொய். படிக்கல் முத்திரை குத்திய இரும்பாக இருக்க வேண்டும், கருங்கல் துண்டாக இருக்கக் கூடாது. இத்தனைக்கும் மேல் சுலபமான திருட்டு, தட்டு ஆடி அடங்குவதற்குள் பையில் கொட்டிவிடுவது. "இரும்மா, முள்ளு நிக்கட்டும்" என்று சொல்லப் பழகுங்கள். விலை கேட்கக் கூசாத வாய்க்கு இது மட்டும் ஏன் கூச வேண்டும்?

மின்தராசு வந்ததும் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். காலித் தட்டில் 0 தெரிய வேண்டும். கூடையில் போட்டு நிறுத்தால், வெறும் கூடையை வைத்து மறுபடி 0 ஆக்கிய பிறகே காய் விழ வேண்டும். இல்லையென்றால் கூடையின் 150 கிராமையும் கத்தரிக்காய் விலைக்கு வாங்குகிறீர்கள். தள்ளுவண்டி சாய்ந்து நின்றால் எடை பிசகும், நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் பையிலிருக்கும் ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைத் தட்டில் வையுங்கள். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம். ஆகவே 515 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். 580, 600 என்று காட்டினால் உங்கள் காய்க்கும் அப்படித்தான் கூட்டிக் காட்டியிருக்கும்.

தராசின் தகட்டையும் படியுங்கள். கடைகளில் இருக்கும் 30 கிலோ தராசு பெரும்பாலும் ஐந்தைந்து கிராமாகத்தான் எண்ணும். அதன் குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று தகட்டிலேயே இருக்கும். அதில் 50 கிராம் இஞ்சி நிறுத்து வாங்குவது குருட்டாம்போக்கு. மின்தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைக்க வேண்டும், கைத்தராசுக்கும் படிக்கல்லுக்கும் 2 வருடத்துக்கு ஒருமுறை. வைக்காதவர்கள் மேல் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

தராசே இல்லாத இடங்களும் உண்டு. கூறு வைத்திருந்தால் மேல் காயை நகர்த்தி அடிக்காயைப் பாருங்கள். பூ முழம் 30 என்றால் 25-க்குக் கேட்காதீர்கள், நெருக்கிக் கட்டிய சரத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். விலையைக் குறைத்தால் கை முழம்தான் குட்டையாகும்.

இனி அவர் பக்கத்துக் கணக்கு. தக்காளி விலை தினம் மாறும், கணக்கின் வழி மாறாது. 25 கிலோ பெட்டியை மண்டியில் 500-க்கு எடுத்தால் கிலோ 20. நசுங்கியதும் அழுகியதும் 2 கிலோ போகும். மிச்சம் 23 கிலோவை 30 ரூபாய் வீதம் விற்றால் 690. லாபம் 190 என்று தோன்றும். சுமைகூலி, ஆட்டோ, இடத்து வசூல் எல்லாம் சேர்த்து 70 என்று வையுங்கள். தண்டல் எடுத்திருந்தால் அதற்கு 100: கையில் 9,000 கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். நிற்பது 20 ரூபாய். அதனால்தான் நாலைந்து காய் சேர்த்து வைக்கிறார்கள். வருகிறவரெல்லாம் கிலோவுக்கு 5 அடித்தால் அந்தப் பெட்டியில் 115 போச்சு. ஆகவே அவர் முதலிலேயே 35 என்று ஆரம்பிப்பார். உங்களுக்கு 30 ஆகிவிடும். 35-ஐ அப்படியே கொடுப்பது யார்? சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, லாட்ஜில் சமைத்துச் சாப்பிடும், தமிழ் தெரியாத குடும்பம். உங்கள் 5 ரூபாய் அங்கிருந்தும் வரலாம். மகள் இதைச் சொல்லியிருந்தால் நான் அவள் பக்கம் நின்றிருப்பேன்.

அப்புறம், பொறுக்கினால் ஒரு விலை, அள்ளிப் போட்டால் ஒரு விலை. இலவம்பாடி முள்ளு கத்தரி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பு பச்சையாக, முள் விரலைக் குத்த வேண்டும். காம்பு துவண்டிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு. பார்த்துப் பொறுக்கி எடுத்தவருக்கு 80 நியாயமான விலை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பொறுக்கவும் வேண்டும், பத்து ரூபாய் குறைக்கவும் வேண்டும் என்றால் மீதிக் காயை அவர் யார் தலையில் கட்டுவார்? குறைத்துத்தான் வேண்டும் என்றால் கடை கட்டும் நேரத்துக்குப் போங்கள், இருப்பதை அப்படியே வாங்குங்கள். எடை போடும் முன்பே விலையை முடியுங்கள். பூசணியை அறுத்த பிறகு விலை பேசுவது அநியாயம். போணி நேரத்தில் விலை படிந்த பிறகு வேண்டாம் என்று நகர்வது அதைவிட மோசம்.

சத்தமாகப் பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வருத்தம். ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தரகர் துண்டை விரித்து, அதற்கடியில் கையைப் பிடித்து, விரல்களாலேயே விலை பேசுவார். ஆயிரக்கணக்கில் ஏறும், இறங்கும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. படியாவிட்டால் கையை உருவிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் பத்து ரூபாய்க்கு நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி பேசியிருக்கிறீர்கள். அவர் 70-க்கு இறங்கியது பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும், அடுத்து வந்தவருக்கும் தெரியும்.

அடுத்த வாரமும் அதே அம்மாவிடம் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், பால் பாக்கெட் அவள் பையில் இருக்கட்டும்.