மெடிக்கல் துண்டு பிழை: லெப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29, ஊர் களுவாஞ்சிகுடி. கட்டார் வேலைக்கு ஏற்பாடாகியிருந்தது. கொழும்பு மெடிக்கலுக்கு முன் இங்கேயே ஒருதரம் பார்க்கலாம் என்று முகவர் மட்டக்களப்பில் ஒரு தனியார் லெப்புக்கு அனுப்பினார். ‘ஹெப்படைட்டிஸ் பி பொசிட்டிவ்’ என்று துண்டு வந்தது. எனக்குச் சொல்லும் முன்பே முகவருக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். வேலை போயிற்று. ஊரில் கதை பரவி, பேசியிருந்த கலியாணமும் நின்றது. மூன்று மாதம் கழித்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பார்த்தால் நெகட்டிவ். முகவரிடம் கட்டிய 85,000 ரூபாயும் திரும்பவில்லை. லெப் மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் தம்பி. ஆனால் கையிலிருக்கும் இந்த இரண்டு துண்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

“அன்று கிருமி இருந்தது, பிறகு தானாக நீங்கிவிட்டது” என்பார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. அது நடக்கக்கூடியதுதான். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் போய்விடும். ஆகவே இரண்டாவது நெகட்டிவ், முதல் துண்டு பிழை என்று காட்டாது. அதற்கு ‘கோர் அன்டிபொடி’ (கிருமி தொற்றும்போது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) இருக்கிறதா என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒருதரம் தொற்றியவர் உடம்பில் அது வழக்கமாக ஆயுளுக்கும் இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லையென்றால் அவர்களுடைய வாதம் படுத்துவிடும். வைத்தியசாலையில் கேட்டு இதை முதலில் செய்யுங்கள். இன்னொன்று: லெப்புக்குப் போக இரண்டு மூன்று வாரம் முன் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி ஏதும் போட்டீர்களா? அதனாலும் பொசிட்டிவ் காட்டலாம். போட்டிருந்தால் உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள்.

அடுத்து, செய்தது விரைவு அட்டைச் சோதனையா, எலைசா என்ற ஆய்வுகூட இரத்தச் சோதனையா என்று துண்டில் பாருங்கள். அட்டைச் சோதனை சல்லடை மாதிரி, சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்தெடுக்கத்தான். நல்ல லெப்பிலும் சிலருக்குப் பொய்யாகப் பொசிட்டிவ் வரும். முடிவு பிழைத்ததனால் மட்டும் கவனயீனம் ஆகிவிடாது. உறுதிப்படுத்தும் சோதனை செய்யாமலும், செய்யும்படி ஒரு வரி எழுதாமலும் கொடுத்திருந்தால் அங்கேதான் பிடி இருக்கிறது. இரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் பெயர் மாறியிருந்தால் இன்னும் நல்லது (வழக்குக்குத்தான்!). உங்கள் பற்றுச்சீட்டு இலக்கமும் அவர்களுடைய பதிவேட்டு இலக்கமும் ஒன்றா என்று பதிவுத் தபாலில் கேளுங்கள்.

இனி நட்டஈடு. நம் நாட்டில் இதற்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் உரோம ஒல்லாந்த சட்டம். கவனயீனம், நட்டம், அதனால்தான் இது வந்தது என்ற தொடர்பு, மூன்றையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பிரியானி சொய்சா எதிர் அர்செகுலரத்ன வழக்கு ஒரு சிறுமியின் மூளைக் கட்டியை வைத்தியர் கண்டறியாமல் விட்டது பற்றியது. அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது. உங்களுக்கும் இடறும் இடம் அதுதான். கொழும்பு மெடிக்கலே நீங்கள் செய்யவில்லை. ஒப்பந்தமோ விசாவோ கையில் இல்லாமல் இரண்டு வருடச் சம்பளம் கேட்டால் நீதிமன்றம் தராது. “இந்த ரிப்போட்டால்தான் உன்னை நீக்கினோம்” என்று முகவர் அனுப்பிய செய்தி வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காதீர்கள்.

என் பார்வையில் உங்கள் பலம் அந்தப் போன் அழைப்பில்தான் இருக்கிறது. ரிப்போட் உங்களுடையது. முகவருக்குக் கொடுக்கலாம் என்று ஏதாவது படிவத்தில் ஒப்பம் வைத்தீர்களா? இல்லையென்றால் இரகசியம் காக்கும் கடமையை அவர்கள் மீறியிருக்கிறார்கள். ஆனால் கலியாணம் நின்றதை லெப்பின் தலையில் கட்டுவது கஷ்டம். லெப் சொன்னது முகவருக்கு, ஊருக்குச் சொன்னது யார்?

85,000 வேறு கணக்கு. பற்றுச்சீட்டோடு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடுங்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள்.

லெப் பதிவு செய்யப்பட்டதா என்பதை, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் விசாரித்து, அங்கும் ஒரு முறைப்பாடு போடலாம். ஆனால் அந்த விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்படியான தீங்குக்கு வழக்கிட இரண்டு வருடம்தான் அவகாசம். முறைப்பாடு போட்டதற்காக அந்தக் காலம் நின்று கொடுக்காது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். அப்புறம், முதல் துண்டின் மூலப் பிரதியை லெப்காரர் “திருத்தித் தருகிறோம்” என்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், போட்டோப் பிரதி போதும்.