குலுக்கலில் நடந்த ஏதென்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஜனநாயகம் பிறந்த இடம் ஏதென்ஸ் என்று பள்ளியில் படித்தோம். அங்கே தேர்தல் எப்படி நடந்தது சார்?

பதில்: பெரும்பாலான பதவிகளுக்குத் தேர்தலே கிடையாது, குலுக்கல்தான். கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தனீஸ் என்பவர் குடிமக்களை 10 பிரிவுகளாக்கினார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆலோசனை சபை. ஓராண்டுதான் பதவி, ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் உட்கார முடியாது. எதைப் பேசுவது என்று இந்தச் சபை முடிவு செய்யும். பினிக்ஸ் குன்றில் கூடும் மக்கள் மன்றம் கையைத் தூக்கி வாக்களித்துத் தீர்மானிக்கும்.

கேள்வி: திறமையைப் பார்க்காமல் சீட்டு எடுத்தால் ஊர் உருப்படுமா?

பதில்: போர்த் தளபதிகள் விஷயத்தில் அவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் 10 தளபதிகளை ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுத்தார்கள். திரும்பத் திரும்ப நிற்கவும் தடையில்லை. பெரிக்ளீஸ் தொடர்ந்து 15 ஆண்டுகள் ஜெயித்தது இந்த வழியில்தான். ஆனால் தேர்தல் என்றாலே பெரிய வீட்டுப் பிள்ளையும் பேச்சு வல்லவனும் முந்திக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்தார். நமக்குத் தலைகீழாகத் தெரியும். யோசித்தால் அவ்வளவு தலைகீழாக இல்லை.

கேள்வி: குலுக்கலில் தில்லுமுல்லு நடக்காதா?

பதில்: அதற்காகவே ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஆளுயரக் கல் பலகை, அதில் வரிசை வரிசையாகச் சிறு பிளவுகள். நீதிமன்ற நடுவராக விரும்புகிறவர் தன் பெயர் பொறித்த வெண்கலத் தகட்டைக் கொடுக்க வேண்டும். அது ஒரு பிளவில் செருகப்படும். பக்கத்தில் உள்ள குழாயில் கறுப்பும் வெள்ளையுமாக உருண்டைகளைப் போடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் உள்ளே, கறுப்பு விழுந்தால் வரிசையோடு வீட்டுக்கு. எல்லாம் வழக்கு நடக்கும் அன்று காலையில்தான். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்றே தெரியாது!

கேள்வி: நடுவர்களுக்குச் சம்பளம்?

பதில்: முதலில் நாளுக்கு 2 ஓபோல் (சிறு வெள்ளிக் காசு), பிறகு 3. கைத்தொழிலாளியின் தினக்கூலியில் ஏறக்குறைய பாதி.

கேள்வி: பானை ஓட்டில் பெயர் எழுதி ஆளை நாடு கடத்தினார்களாமே?

பதில்: ஆமாம், ஓட்டில் எழுதிய ஓட்டு. ஒருவர் மிதமிஞ்சி வளர்வதாகத் தோன்றினால் போதும், குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். பத்தாண்டு ஊருக்கு வெளியே. சொத்து மட்டும் அவருடையதாகவே இருக்கும். இங்கே தில்லுமுல்லுக்கு வழி இருந்தது. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது, தெமிஸ்டாக்ளீஸ் என்ற தலைவரின் பெயர் எழுதிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து எழுதியவை. யாரோ முன்கூட்டியே எழுதி, விநியோகிக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

பதில்: இல்லை. அடிமைகளுக்கும் இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. அரிஸ்டாட்டில் ஸ்டாகிராவில் பிறந்தவர். ஏதென்ஸில் அத்தனை காலம் இருந்தும் அவருக்கு ஓட்டு கிடையாது.

கேள்வி: சாக்ரடீஸுக்குக் குலுக்கலே பிடிக்காதாமே? அவர் பதவி எதிலும் இருந்ததில்லையா?

பதில்: மாலுமியைச் சீட்டுப் போட்டா எடுப்பீர்கள் என்று அவர் கேலி செய்ததாகவே ஒரு குற்றச்சாட்டு இருந்தது, அவருடைய மாணவர் செனஃபோன் குறித்திருக்கிறார். அப்படிப்பட்டவரும் 500 பேர் சபையில் ஒருமுறை இருந்தார். கி.மு. 406-இல் அர்கினுசே கடற்போரில் வென்ற தளபதிகள்மேல், புயலில் மூழ்கியவர்களை மீட்கவில்லை என்று மன்றம் கொதித்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை என்றார்கள். அது சட்டத்துக்கு விரோதம். அன்று கூட்டத்தை நடத்தும் முறை சாக்ரடீஸ் இருந்த பிரிவுக்கு. மற்றவர்கள் மிரட்டலுக்குப் பணிந்தார்கள், அவர் மட்டும் மறுத்தார். ஆனாலும் வாக்கெடுப்பு நடந்தது. ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பெரிக்ளீஸின் மகன்.