ஃபைல் வாங்கிட்டா விரல் தப்பிச்சிடுமா? அம்பத்தூர் வாசகிக்கு பதில்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க வீட்டுக்காரரோட ஷீட் மெட்டல் ஷாப், கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேர்த்து 38 பேர். ஆறு பவர் பிரஸ் (ஷீட்ட அடிச்சு வெட்டற, வளைக்கற மெஷின்), வெல்டிங், கிரைண்டிங் இருக்கு. நான் அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், இப்போ சேஃப்டியும் என் தலைல. அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட், "சேஃப்டி அண்ட் ஹெல்த் ப்ரோக்ராம்" காட்டணுமாம். ஒரு கன்சல்டன்ட் 85,000 ரூபாய்க்கு ஃபைல், ஐஎஸ்ஓ சர்டிபிகேட், போர்டு எல்லாம் 15 நாள்ல தர்றேங்கிறார். போன மாசம் ஒரு பையனுக்கு பிரஸ்ல விரல் நுனி போச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பதில்: மேடம், நீங்க கடைசில எழுதினதுலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஆடிட் எல்லாம் அப்புறம். அந்த விரல் எந்த பிரஸ்ல போச்சோ அந்த பிரஸ் இன்னிக்கும் அதே மாதிரிதான் ஓடிகிட்டு இருக்கா? நீங்க லெட்டர்ல அத எழுதல, அதனால ஓடிகிட்டுதான் இருக்கும்னு நினைக்கறேன். கோச்சுக்காதீங்க, இந்த வேலைல 27 வருஷம் ஆச்சு, பத்து ஷாப்புக்கு எட்டு ஷாப்புல அப்படித்தான். ஆஸ்பத்திரி பில்ல கட்டுவாங்க, பூஜை போடுவாங்க, எலுமிச்சம்பழம் கட்டுவாங்க, மறுநாள் காலைல வேற ஒரு பையன் அதே சீட்ல உக்காந்திருப்பான்.

அதனால முதல் வேலை, அந்த மெஷினுக்கு கார்டு, அதாவது கை உள்ள போகாம தடுக்கற மறைப்பு, வர்ற வரைக்கும் ஓட்டாதீங்க. டெலிவரி போகுமேன்னு வீட்டுக்காரர் சொல்லுவார். அந்த ஜாப்ப வேற மெஷின்ல போடுங்க, இல்ல வெளிய குடுத்து அடிச்சுக்கோங்க.

இப்போ கார்டு பத்தி. நீங்க ஒரு கார்டு வாங்கணும்னு வாய திறந்தா போதும், லைட் கர்டன் (கை குறுக்க வந்தா கண்டுபிடிக்கற ஒளித்திரை) விக்கறவர் பேகோட வந்து நிப்பார். ஏமாறாதீங்க, இது ஒன்ன மட்டும் நிதானமா படிங்க. பழைய பிரஸ்ல பெரும்பாலும் கீ கிளட்ச்தான் இருக்கும், பெடல மிதிச்சா டக்குனு கீ விழுந்து எப்பவும் சுத்திகிட்டு இருக்கற பெரிய சக்கரத்தோட, அதான் ஃப்ளைவீலோட, பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் மேலேர்ந்து இறங்கி அடிக்கற ராம் கீழ போய் மேல வர்ற வரைக்கும் பிரம்மாவே வந்தாலும் நிறுத்த முடியாது. லைட் கர்டன் என்ன பண்ணும்? கை உள்ள வந்தா "நில்லு"ன்னு சிக்னல் குடுக்கும். நிக்கவே தெரியாத மெஷினுக்கு நில்லுன்னு சொல்லி என்ன பிரயோஜனம்? ஆனா சிவப்பு லைட்டு பச்சை லைட்டு எல்லாம் அழகா எரியும், ஆடிட்டர் போட்டோ எடுத்துப்பார், ஆபரேட்டர் அத நம்பி இன்னும் தைரியமா கைய விடுவான். முன்னாடி இருந்தத விட மோசம். உங்க பிரஸ் எந்த டைப்புன்னு கண்டுபிடிக்க இஞ்சினியர் வேணாம், சீனியர் டை செட்டர, அதாவது பிரஸ்ல டைங்கிற அச்ச மாட்டற ஆள, கூப்பிட்டு "ஸ்ட்ரோக் பாதில, ராம் இறங்கிகிட்டு இருக்கும்போது நிறுத்த முடியுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. முடியாதுன்னா லைட் கர்டன் ஆள காபி குடுத்து அனுப்பிடுங்க.

அந்த மெஷினுக்கு வேண்டியது சாதா விஷயம். டைய சுத்தி நிலையா ஒரு கூண்டு, ஷீட் உள்ள போற அளவுக்குத்தான் சந்து, விரல் போகக்கூடாது. சந்து 6 மில்லிக்குள்ள இருந்தா பெரிய ஆள் விரல் போகாது. உங்க வெல்டரே அடிச்சு குடுப்பார், ஸ்க்ராப்ல கிடக்கற கம்பியும் பெர்ஃபரேட்டட் ஷீட்டும் போதும். கூண்டு போட முடியாத ஜாப்புன்னா கையால வைக்கறத நிறுத்திட்டு மேக்னட் குச்சி, சக்ஷன் கப், அலுமினிய இடுக்கி. பெடலுக்கு மேல ஒரு மூடி, ஏதாவது விழுந்து பெடல் அமுங்கக்கூடாது. அப்புறம் அந்த கீ, ஸ்பிரிங் தேஞ்சு போச்சுன்னா ஒரு தடவ மிதிச்சதுக்கு ரெண்டு தடவ அடிக்கும், ஷாப்ல "ரிப்பீட் அடிக்குது"ன்னு சொல்லுவாங்க, ரெண்டாவது அடி வர்ற நேரம் ஆபரேட்டர் கை ஃபினிஷ்டு பீஸ எடுக்க உள்ள இருக்கும். எனக்கு தெரிஞ்சு நிறைய விரல் போனது இப்படித்தான், ஆனா ரிப்போர்ட்ல "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னுதான் எழுதுவாங்க. ரிப்பீட் அடிக்குதுன்னு யாராவது வாயால சொன்னாலே மெஷின ஆஃப் பண்ணி சாவிய உங்க ட்ராயர்ல வைங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு, இத சொல்லாம விட்டா லைட் கர்டன்காரர் என்ன திட்டுவார். உங்ககிட்ட நியூமேட்டிக் ஃப்ரிக்ஷன் கிளட்ச் (காத்தழுத்தத்துல பிடிக்கற கிளட்ச்) பிரஸ் ஒன்னு ரெண்டு இருந்தா அது பாதில நிக்கும், அதுக்கு லைட் கர்டன் சரி. ஆனா அப்பவும் மாட்ற தூரம் முக்கியம், இவ்வளவு கிட்ட மாட்டும்போது மனுஷன் கை செகண்டுக்கு 2 மீட்டர் போகும்னு வச்சுத்தான் கணக்கு போடுவாங்க, மெஷின் நிக்க 0.2 செகண்ட் எடுத்தா கர்டன் டைலேர்ந்து குறைஞ்சது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும், அதாவது ஒரு அடிக்கு மேல. நான் பாத்த பல ஷாப்புல நாலு இன்ச்ல மாட்டி வச்சிருக்காங்க, பிரேக் லைனிங் தேயத் தேய நிக்கற நேரம் வேற கூடும், அத யாரும் அளக்கறதே இல்ல. வாங்கறீங்கன்னா "ஸ்டாப் டைம் அளந்து எழுதிக் குடு, வருஷா வருஷம் வந்து அள"ன்னு ஆர்டர்லயே போடுங்க. முழிச்சார்னா ஆள் டூப்ளிகேட்.

இன்னொன்னு, டை மாத்தும்போது கார்ட கழட்டித்தான் ஆகணும். மோட்டார ஆஃப் பண்ணிட்டோம்னு உடனே கைய உள்ள விடக்கூடாது, ஃப்ளைவீல் சும்மா சுத்திகிட்டே இருக்கும், அப்போ எவனாவது பெடல மிதிச்சா ராம் இறங்கும். சக்கரம் நின்னு, நடுவுல கட்டை வச்சு, மெயின் சுவிட்ச்ல பூட்டு போட்டு, சாவி டை செட்டர் பாக்கெட்ல. இதுக்கு லாக் அவுட்னு பேர். ஒரு நல்ல பூட்டுதான் செலவு.

இதையெல்லாம் விட்டுட்டு கிளவுஸ், ஹெல்மெட், ஷூன்னு வாங்கிக் குவிக்கறதுதான் ஊர் வழக்கம். ஷூ வேணும், ஐஎஸ் 15298 முத்திரை பாத்து வாங்குங்க. ஆனா கிளவுஸ் பிரஸ்ஸ நிறுத்தாது.

சரி, 85,000. கன்சல்டன்ட் எல்லாரும் திருடன்னு சொல்ல மாட்டேன், நானும் அந்த தொழில்தான். ஆனா வேலையிடத்து சேஃப்டி, ஹெல்த்துக்கான ஐஎஸ்ஓ 45001 சர்டிபிகேட்ட 15 நாள்ல தர்றேன்னா அது வெறும் பேப்பர். ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சர்டிபிகேட் குடுக்கறதே இல்ல, ஸ்டாண்டர்ட் எழுதறதோட அவங்க வேலை முடிஞ்சுது. சர்டிபிகேட் குடுக்கறது வேற கம்பெனிங்க, அந்த கம்பெனிக்கு நம்ம நாட்டு என்ஏபிசிபி மாதிரி ஒரு வாரியத்தோட அங்கீகாரம் இருக்கான்னு பாக்கணும். "ஓஷா அப்ரூவ்ட்"னும் கோல்ட் கலர்ல ஸ்டிக்கர் ஒட்டித் தருவாங்க, ஓஷாங்கிறது அமெரிக்க அரசாங்கத்து ஆபீஸ், அம்பத்தூருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஃபைல தொறந்தா வேற கம்பெனி பேர் நாலாவது பக்கத்துல அழிக்காம இருக்கும். சிரிக்காதீங்க, கெமிக்கல் டேங்க்குக்கு எழுதின எமர்ஜென்சி ப்ளான ஒரு தையல் யூனிட்ல நானே பாத்திருக்கேன்.

அதே ஆள் "சேஃப்டி ஆபீசர் கட்டாயம், நானே மாசாமாசம் வர்றேன்"னும் சொல்லுவார். 2025 நவம்பர் 21லேர்ந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தாச்சு, அதுல ஃபேக்டரிக்கு 500 பேர், ஆபத்தான ப்ராசஸ்னா 250 பேர் இருந்தாத்தான் ஆபீசர். உங்களுக்கு இல்ல. ஆனா நீங்க ஃபேக்டரிதான், அதுல சந்தேகமே வேணாம், கரண்ட்ல மெஷின் ஓடினா பழைய 1948 சட்டத்துல 10 பேர், புதுசுல 20 பேர். முன்னாடி "ரோல்ல ஒன்பது பேர் காட்டு"ன்னு ஐடியா குடுத்த புரோக்கர்லாம் இப்போ "பத்தொன்பது காட்டு"ன்னு மாத்திட்டாங்க, அவ்ளோதான் சீர்திருத்தம். கான்ட்ராக்ட் ஆளும் ஆள்தான், எண்ணுங்க.

புரோக்கர் சொல்ற இன்னொரு விஷயம், அடிபட்டா தனியார் ஆஸ்பத்திரி, ரெஜிஸ்டர்ல ஒன்னும் வேணாம். அந்த பையனுக்கு இஎஸ்ஐ நம்பர் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, அக்கவுண்ட்ஸ் உங்க கைலதானே இருக்கு. 21,000 வரைக்கும் சம்பளம்னா இஎஸ்ஐ, சேர்ந்த பத்து நாள்ல பதியணும், வேலைல அடிபட்டா முதல் நாள்லேர்ந்தே உரிமை உண்டு, வேலைக்கு வர முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் கிடைக்கும், விரல் போனதுக்கு நிரந்தரமா ஒரு தொகையும் உண்டு. விபத்து ரிப்போர்ட் போகலன்னா அந்த பையனுக்கு அது எதுவும் வராது. லேட்டானாலும் போடுங்க. கான்ட்ராக்டர் "நான் பாத்துக்கறேன்"னா இஎஸ்ஐ கட்டின சலான காட்டச் சொல்லுங்க. ஒரு கம்பெனில நான் சேர்ந்த புதுசுல, ரெண்டு விரல் போன பீகார் பையன அன்னிக்கு ராத்திரியே சென்ட்ரல்ல ரயில் ஏத்தி விட்டாங்க, கைல பத்தாயிரம் ரூபாய். மறுநாள் என்கிட்ட ரெஜிஸ்டர குடுத்து "ட்ரெய்னிங் குடுத்தோம்"னு முந்தின வாரத் தேதில கையெழுத்து கேட்டாங்க. போட்டேன். அப்போ வயசு 24, வேலை வேணும். அதனாலதான் ரெஜிஸ்டர்னா எனக்கு இன்னிக்கும் எரிச்சலா வருது. இன்ஸ்பெக்ஷனும் அத புரட்டிப் பாக்கறதோட முடிஞ்சிடுது, மெஷின் பக்கம் யார் போறா?

இனி ப்ரோக்ராம். அதுக்கு அஞ்சு பக்கம் போதும், நீங்களே எழுதுங்க. பொறுப்பு யார்னு வீட்டுக்காரர் பேர் போட்டு கையெழுத்து. ஷாப்ல என்னென்ன ஆபத்துன்னு ஆளுங்ககிட்ட கேட்ட லிஸ்ட், ஒவ்வொன்னுக்கும் என்ன பண்ணப் போறோம், யாரு, எந்த தேதிக்குள்ள. கஸ்டமர் ஆடிட்டருக்கு தேதியோட ஒரு லிஸ்ட்டும், அதுல பாதி முடிஞ்ச அடையாளமும் இருந்தா ஓரளவு மரியாதை இருக்கும், மிச்சத்துக்கு டைம் கேக்கலாம்.

அந்த லிஸ்ட் உங்களுக்கு வரணும்னா ஆளுங்க வாய திறக்கணும். டீ குடிக்கற இடத்துல ஒரு நோட்டு கட்டி விடுங்க, "நூலிழைல தப்பிச்சது"ன்னு தலைப்பு. எழுதத் தெரியாதவங்க வாட்ஸாப்ல வாய்ஸ் அனுப்பட்டும், இந்தியோ ஒடியாவோ, ஷாப்ல யாராவது ஒருத்தர் சொல்லிடுவார். "விபத்தில்லா நாட்கள் 112"ன்னு போர்டு மாட்டி பிரியாணி போடறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, பிரியாணிக்காக விரல்ல துணிய சுத்திகிட்டு வேலை செஞ்சவன நான் பாத்திருக்கேன். எத்தன பீஸோ அத்தன காசுன்னு பீஸ் ரேட் போட்டிருந்தீங்கன்னா கூண்டு ரெண்டு நாள்ல கழண்டுடும், அதையும் பேசுங்க.

ஹெல்த் பக்கம், கை நீட்டற தூரத்துல நிக்கறவர்கிட்ட கத்தித்தான் பேசணும்னா காது போயிகிட்டு இருக்கு, இயர் பிளக் குடுங்க, வருஷம் ஒரு தடவ காது டெஸ்ட். மே மாசத்துக்கு தண்ணி, ஃபேன். ட்ரெய்னிங் வேணும்னா தரமணில சர்தார் படேல் ரோட்டுல மத்திய அரசோட மண்டல தொழிலாளர் நிறுவனம் இருக்கு, சேஃப்டி ட்ரெய்னிங் நடத்தறாங்க, சூப்பர்வைசர அங்க அனுப்ப முடியுமான்னு கேளுங்க.

அந்த பையன் கட்டு பிரிச்சு வேலைக்கு வந்தான்னா திருப்பி பிரஸ்ல உக்கார வைக்காதீங்க. மெஷின் பக்கத்துல நிக்க வச்சு, டை செட்டரையும் வெல்டரையும் கூட வச்சுகிட்டு, அன்னிக்கு கை எங்க இருந்துச்சு, கூண்டு எந்த பக்கம் வந்தா ஜாப் எடுக்க சுலபமா இருக்கும்னு அவன்கிட்டயே கேளுங்க. அவன் காட்டற இடத்துல சாக்பீஸால கோடு போட்டு வெல்டர்கிட்ட குடுங்க.